சொல்லித்தர ஆளில்லாமல் ஜாங்கோ படிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் மாமி ஒருவர் வீட்டின் முன்னறையில் கணித வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகளின் பெயர், வரவு, மாதக் காசு எல்லாம் கொப்பிகளில் இருந்தன. அந்தக் கொப்பிகளுக்குப் பதிலாக ஒரு சிறிய இணையச் செயலியைச் செய்துகொடுக்கப் போய்த்தான் நான் ஜாங்கோவைப் (பைத்தன் மொழியில் இணையச் செயலிகளைக் கட்டும் சட்டகம்) படித்தேன். வகுப்புக்கோ பாடநெறிக்கோ போகவில்லை. வேலை முடிந்து வந்து இரவில் படித்ததுதான். இதே வழியில் படிக்கத் தொடங்கியிருக்கும் கொழும்புப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மாமியின் வகுப்புப் பதிவேட்டிலிருந்தே வரும்.

ஏன் ஜாங்கோ? லாராவெல், ரெயில்ஸ் படித்தால் ஆகாதா?

தாராளமாக ஆகும். மூன்றும் ஒரே வகை வேலைக்கானவை. பைத்தன் ஓரளவு தெரிந்தவருக்கு ஜாங்கோ வசதி, அவ்வளவுதான்.

ஆனால் ஜாங்கோ எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் குணம் விளங்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயர் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டினுடையது. செய்தி அறையில் நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே செய்துகொடுக்க வேண்டும், கோட் எழுதத் தெரியாத ஆசிரியர்கள் உடனே தகவலைப் பதியவும் வேண்டும். அதனால்தான் தரவு மாடலை, அதாவது என்னென்ன தகவலைச் சேமிப்பது என்ற அமைப்பை, எழுதிய உடனேயே பதிவுப் படிவங்களோடு ஒரு அட்மின் பக்கம் கிடைக்கிறது. மாமிக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பைத்தன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன், கிளாஸ், இம்போர்ட் இவை சரளமாக வர வேண்டும். கிளாஸ் விளங்காமல் ஜாங்கோவுக்குள் போகவேண்டாம் என்றே சொல்வேன். மாடல், படிவம், வியூ (ஒரு பக்கத்துக்கான கோரிக்கைக்குப் பதில் தரும் கோட்) என்று பாதிக்கு மேல் கிளாஸ்தான். ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸ் எப்படிப் பிறக்கிறது, ‘செல்ஃப்’ என்பது யார் என்று கேட்டால் உங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் போகப் போக வரும்.

வீடியோவில் காட்டியபடி அப்படியே எழுதினேன். அவருக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை. ஏன்?

தானாகப் படிப்பவர்கள் மனம் விட்டுப்போகிற இடம் இதுதான். பெரும்பாலும் காரணம் பதிப்பு. ஜாங்கோவில் ஏறத்தாழ 8 மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. வீடியோ மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நீங்கள் பார்ப்பது எந்தக் காலத்துப் பாடம் என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

யூ.ஆர்.எல் முகவரிகளை ‘யூ.ஆர்.எல்’ என்ற பெயருள்ள ஃபங்ஷனில், தொப்பிக்குறியும் டாலர்குறியும் போட்டு எழுதுகிறார்களா? அப்படியானால் அது 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்புக்கு முந்திய பழக்கம். அந்தப் பதிப்பில் ‘பாத்’ என்ற எளிய வழி வந்தது. பழைய ஃபங்ஷன் 4.0இல் முழுதாக நீக்கப்பட்டது. இன்றைக்கு அதை இம்போர்ட் செய்தால் முதல் வரியிலேயே பிழை வரும். ஒரு மாடலை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீயை எழுதும்போது, இணைந்த பதிவு அழிந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் டிலீட்’ போடாமல் விடுகிறார்களா? 2.0இலிருந்து அதைப் போட்டே ஆக வேண்டும். வெளியேறும் பட்டனைச் சாதாரண இணைப்பாகக் காட்டுகிறார்களா? 2023 டிசம்பரில் வந்த 5.0இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போஸ்ட் முறையில் படிவமாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) என்று வந்து நிற்கும்.

இதில் எதுவும் உங்கள் அறிவுக் குறைவு இல்லை. ஆசிரியரும் பிழையாகச் சொல்லவில்லை, அவர் சொன்ன நாளில் அது சரிதான்.

எந்தப் பதிப்பில் தொடங்குவது என்று கேட்டால், நீண்டகால ஆதரவுள்ள பதிப்பை எடுங்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பைத்தன் 3.10 அல்லது அதற்குமேல் வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்தத் திட்டத்தின் தொகுதிகளை மட்டும் வைக்கும் போல்டர்) வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒன்றில் பதிப்பை மாற்றினால் மற்றது குழம்பாது.

அப்படியென்றால் எதைப் பார்த்துப் படிப்பது? அதிகாரபூர்வ ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறதே.

ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஒரே சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதல் சில பக்கங்களுக்கு நேரம் எடுக்கும், அப்புறம் கண் பழகிவிடும்.

அந்த ஆவணம் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இது தெரியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சிப் பாடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். தலைப்பு விளக்கங்கள் ஒரு விடயம் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லும். ‘எப்படிச் செய்வது’ என்ற பகுதி ஒரு குறிப்பிட்ட வேலைக்கான வழி. ரெஃபரன்ஸ் பகுதி அகராதி மாதிரி, தேவைப்படும்போது மட்டும் புரட்டுவது. புதியவர்கள் நேரே ரெஃபரன்ஸில் போய் விழுந்து, ஒன்றும் விளங்கவில்லை என்று மூடிவிடுகிறார்கள். வாக்கெடுப்புச் செயலி ஒன்றைக் கட்டும் 8 பகுதிப் பயிற்சியை முதலில் முடியுங்கள். பிறகு மாடல்கள், கேள்வித்தொகுப்புகள் (தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுக்கும் வழி) பற்றிய தலைப்பு விளக்கங்களை நிதானமாக வாசியுங்கள். பக்கத்தின் மூலையில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். உங்கள் பதிப்பைப் பார்க்கிறீர்களா என்பதை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். கூகுள் தேடல் பழைய பதிப்பின் பக்கத்துக்கும் கூட்டிப்போகும்.

வீட்டில் டேட்டா குறைவு, லப்டொப்பும் பழையது. முடியுமா?

முடியும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும் கொழும்பில் பிள்ளைகள் கோட் எழுதினார்கள். ஜாங்கோ ஆவணம் முழுவதையும் பி.டி.எஃப்பாகவோ, ஈபப்பாகவோ, எச்.டி.எம்.எல் தொகுப்பாகவோ ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். எஸ்.கியூ.லைட் தரவுத்தளம் பைத்தனோடு சேர்ந்தே வருகிறது, தனியாகச் சேர்வர் எதுவும் போட வேண்டாம். முதலில் ஜாங்கோவை இறக்கும்போது மட்டும் இணையம் வேண்டும். அதன்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் நெரிசலில் நிற்கும்போதுகூட ஆவணத்தைப் போனில் வாசிக்கலாம். வீடியோவுக்குப் போகும் டேட்டாவில் ஒரு துளிகூட இதற்குப் போகாது. நான் வாசித்துப் படிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிப் பாடம் முடிந்தது. அடுத்து என்ன செய்து பழகுவது?

உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளுக்கு வேண்டிய வேலையைச் செய்யுங்கள். என் பதில்களில் ஒன்றே ஒன்றைத்தான் எடுப்பேன் என்றால் இதை எடுங்கள்.

வலைப்பதிவுச் செயலி, செய்யவேண்டியவை பட்டியல் என்று வீடியோக்களில் காட்டும் திட்டங்களில் சிக்கல் எதுவும் வராது. ஏனென்றால் அவற்றைச் சிக்கல் வராதபடிதான் அமைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் தையல் செய்யும் அக்காவுக்கு அளவுப் பதிவேடு, புறக்கோட்டையில் மொத்தக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் கடன் கணக்கு, ஊர்ச் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் என்று எதையாவது எடுங்கள். உண்மையான ஆள் பயன்படுத்தும்போதுதான் உண்மையான கேள்வி வரும். “ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே காசாத் தந்தா எப்படிப் போடுறது?” என்று மாமி கேட்டார். ஒருவருக்குப் பல, பலருக்குப் பல என்ற உறவுகளை நான் சரியாகப் படித்தது அந்தக் கேள்வியால்தான். கட்டணத்தைப் பிள்ளையோடு கட்டிவைக்காமல், ‘கொடுப்பனவு’ என்று ஒரு மாடலும், அது எந்தெந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று பிரிக்கும் இன்னொரு மாடலும் வேண்டியிருந்தது. எந்த வீடியோவும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

மாடலில் எந்தத் தகவலுக்கு எந்த ஃபீல்ட்? எண் என்றால் இன்டிஜர்தானே?

கூட்டிக் கழிக்கிற எண் என்றால்தான் இன்டிஜர். தொலைபேசி இலக்கத்தை யாரும் கூட்டப்போவதில்லை. 077 என்று தொடங்கும் இலக்கத்தை இன்டிஜராகப் போட்டால் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். +94 என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். அதை எழுத்தாகவே வையுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழையது 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், புதியது 12 இலக்கம். இரண்டு வகையும் இன்னும் ஆட்களின் கையில் இருக்கின்றன. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் சரிபார்ப்பு எழுதுவது நல்ல பயிற்சி.

காசுக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் ஃபீல்ட். பைத்தனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.3 வராது, கடைசியில் ஒரு சின்னப் பிசிறு ஒட்டியிருக்கும். வருடக் கடைசியில் மொத்தம் பார்க்கும்போது அந்தப் பிசிறுக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல முடியாது.

பெயர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜாங்கோவோடு வரும் பயனர் மாடலில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். நமக்கு அது பொருந்தாது. ‘செ. நிலா’ என்ற பிள்ளையின் குடும்பப்பெயர் எது? செ என்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. அதைக் குடும்பப்பெயர் பெட்டியில் போட்டால் சான்றிதழில் பெயர் தலைகீழாக வரும். பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையின் பெயரும் சிங்களப் பிள்ளையின் பெயரும் வேறு வேறு அமைப்பில் இருக்கும். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி, முதலெழுத்துகளோடு எழுதும் பெயருக்கு இன்னொரு பெட்டி. இதுவே போதும்.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமென்றால், திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே சொந்தப் பயனர் மாடல் ஒன்றை வைத்துவிடுங்கள். உள்ளே ஒன்றும் சேர்க்காமல் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. ஜாங்கோ ஆவணமே இதை வற்புறுத்திச் சொல்கிறது. நடுவில் மாற்றுவது பெரிய தலையிடி.

மைக்ரேஷன் குழம்பினால் போல்டரை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாமா?

தரவு ஒன்றும் இல்லாத பயிற்சித் திட்டம் என்றால் அழிக்கலாம். ஆட்கள் பயன்படுத்தும் திட்டத்தில் கை வைக்கவேண்டாம். மாடலில் செய்யும் மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோவதுதான் மைக்ரேஷன். அந்தக் கோப்புகள் உங்கள் தரவுத்தளம் எப்படி வளர்ந்தது என்பதன் வரலாறு. அவற்றையும் கோட்டோடு சேர்த்துக் ‘கிட்’ என்ற, கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில் வையுங்கள்.

இதில் ஒரு இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மாணவர் மாடலில் ‘தொலைபேசி’ என்றிருந்த ஃபீல்டை ‘பெற்றோர் தொலைபேசி’ என்று மாற்றுகிறீர்கள். மைக்ரேஷன் கோப்பை உருவாக்கும் மேக் மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்ததும், இது பெயர் மாற்றமா என்று ஜாங்கோ கேட்கும். அந்தக் கேள்வியின் முனையில் ஆம், இல்லை இரண்டுக்குமான எழுத்துகள் இருக்கும், இல்லை என்பது பெரிய எழுத்தில். அதாவது வாசிக்காமல் என்டரைத் தட்டினால் பதில் ‘இல்லை’. அப்போது ஜாங்கோ என்ன நினைக்கும்? பழைய நிரல் (அட்டவணையில் அந்தத் தகவலுக்கான செங்குத்து வரிசை) வேண்டாம், புதிதாக வேறொன்று வேண்டும் என்று. அடுத்து, அந்தக் கோப்பைத் தரவுத்தளத்தில் நடைமுறைப்படுத்தும் மைக்ரேட் ஓடும்போது எல்லாப் பெற்றோரின் இலக்கங்களும் பழைய நிரலோடு சேர்ந்து அழிந்துவிடும். பிழைச் செய்திகூட வராது.

ஆகவே மேக் மைக்ரேஷன்ஸுக்கும் மைக்ரேட்டுக்கும் நடுவில் ஒருமுறை நில்லுங்கள். உருவான கோப்பைத் திறந்து பாருங்கள், சில வரிகள்தான் இருக்கும். ‘ரினேம் ஃபீல்ட்’ என்றிருந்தால் சரி. ‘ரிமூவ் ஃபீல்ட்’, ‘ஆட் ஃபீல்ட்’ என்று இரண்டு இருந்தால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்பக் கட்டளையைக் கொடுங்கள். எஸ்.கியூ.லைட் என்றால் மைக்ரேட்டுக்கு முன் தரவுத்தளக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

தமிழில் தலைப்பு வைத்தால் யூ.ஆர்.எல் உடைகிறது. ஜாங்கோ தமிழுக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும். ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, தரவுத்தளத்திலும் தமிழ் பிசகில்லாமல் நிற்கும். ஆனால் நம் எழுத்தின் அமைப்பைப் பற்றி யோசிக்காமல் எழுதிய இடங்கள் சில உள்ளே உண்டு. இதை ஆங்கிலப் பாடம் எதிலும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தலைப்பை முகவரியாக மாற்றும் ‘ஸ்லகிஃபை’ என்ற ஃபங்ஷனிடம் ‘கொழும்பு’ என்று கொடுத்துப் பாருங்கள். சாதாரணமாகக் கொடுத்தால் வெறுமை வரும், ஏனென்றால் அது ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டும் விட்டு மற்றதை எறிந்துவிடும். யூனிகோடுக்கு அனுமதி கொடுக்கும் வசதியைத் திறந்துவிட்டுக் கொடுத்தால் ‘கழமப’ என்று வரும். ‘தமிழ்’ என்றால் ‘தமழ’. உயிர்க்குறிகளும் புள்ளியும் போய்விடுகின்றன. காரணம் பைத்தனின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) இருக்கிறது. அதில் ‘சொல் எழுத்து’ என்று எண்ணப்படுவது எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான். யூனிகோடில் நம் உயிர்க்குறியும் புள்ளியும் தனி எழுத்தாக இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறி என்ற வகையில் இருக்கின்றன. அதனால் வடிகட்டியில் அகப்பட்டுவிடுகின்றன. யூ.ஆர்.எல் பகுதியில் ‘ஸ்லக்’ என்று குறிப்பிட்டால் அதுவும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது.

வழி என்ன? முகவரியில் பதிவின் எண்ணைப் பயன்படுத்துங்கள், அல்லது தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில முகவரிப் பெட்டி வைத்துக் கையால் நிரப்பச் சொல்லுங்கள். நான் எண்ணையே விரும்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் தமிழ் முகவரி நீண்ட சதவீதக் குறிகளாக மாறிவிடக்கூடும்.

நீளத்தைக் கணக்கிடுவதும் அப்படித்தான். கண்ணுக்குக் ‘கொழும்பு’ 4 எழுத்து. பைத்தனுக்கு அது 8. முதல் மூன்றை மட்டும் வெட்டிக் காட்டச் சொன்னால் ‘கொழ’ என்று நிற்கும். ஆகவே ‘அதிகபட்ச நீளம்’ போடும்போது நீங்கள் நினைப்பதைப் போல் இரண்டு மடங்காவது விடுங்கள்.

இன்னொன்று தேடல். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தரவுத்தளத்துக்கு வேறு வேறு. ஒரு கீபோர்ட்டில் பதிந்த பெயரை இன்னொரு கீபோர்ட்டில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். பைத்தனின் யூனிகோடுடேட்டா தொகுதியில் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்.எஃப்.சி வடிவத்துக்கு (அதில் ‘கொ’வின் கொம்பும் காலும் ஒற்றைக் குறியாகிவிடும்) மாற்றிவிடுங்கள்.

நேரம் ஐந்தரை மணிநேரம் பிந்திக் காட்டுகிறது. கூட்டிவிட்டால் சரியா?

கையால் கூட்டவேண்டாம். புதிய திட்டத்தின் செட்டிங்ஸ் கோப்பில் நேர வலயம் யு.டி.சி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும், அதை ஏசியா/கொழும்பு என்று மாற்றுங்கள். உள்ளே யு.டி.சியில் சேமித்து, காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றுவது ஜாங்கோவின் வேலை.

நம் நாட்டின் வரலாறே இதற்கு நல்ல சாட்சி. 1996 மே மாதத்தில் நம் நேரத்தை யு.டி.சியைவிட ஆறரை மணிநேரம் முன்னால் இருக்கும்படி மாற்றினார்கள், அந்த ஒக்டோபரில் ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கு வந்தார்கள். ஏசியா/கொழும்பு என்ற வலயத்துக்குள் இந்த மாற்றமெல்லாம் பதிந்திருக்கிறது. நீங்கள் கூட்டும் ஐந்தரைக்கு அது தெரியாது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. மாமி விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கணக்குப் பதிகிறவர். 1ஆம் திகதி காலை 5 மணி என்பது யு.டி.சியில் போன மாதத்தின் கடைசி நாள் இரவு 11.30. ‘டைம்ஸோன்’ தொகுதியின் ‘நவ்’ தரும் நேரத்திலிருந்து நேரே திகதியை எடுத்தால் யு.டி.சித் திகதிதான் வரும், காசு போன மாதக் கணக்கில் விழும். ‘லோக்கல் டேட்’ என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். காலை 5.30க்குப் பிறகு சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

பிள்ளைகள் பட்டியல் பக்கம் மெதுவாகத் திறக்கிறது. லப்டொப் பழையது என்பதாலா?

அநேகமாக இல்லை. பைத்தன் கோட்டைத் தரவுத்தளக் கேள்விகளாக மாற்றும் ஜாங்கோவின் பகுதிக்கு ஓ.ஆர்.எம் என்று பெயர். அது உங்களுக்குத் தெரியாமல் எத்தனை தடவை தரவுத்தளத்துக்குப் போய் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 பிள்ளைகளின் பட்டியலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் பாடசாலைப் பெயரைக் காட்டினால், பட்டியலுக்கு ஒரு கேள்வி, பாடசாலைகளுக்கு 60 கேள்வி, மொத்தம் 61. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் எச்.டி.எம்.எல் அச்சு) ஒரு புள்ளி வைத்தது மட்டும்தான் நீங்கள் செய்தது. ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்துவிடும். பலருக்குப் பல என்ற உறவுக்கு ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’.

ஜாங்கோ டீபக் டூல்பார் என்ற தொகுதியைப் போட்டுவையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை கேள்வி போனது, அவற்றின் எஸ்.கியூ.எல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) என்ன என்று ஓரத்தில் காட்டும். எஸ்.கியூ.எல் படிக்கவேண்டாம், ஓ.ஆர்.எம் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அடியில் ஓடுவதை வாசிக்கத் தெரியாவிட்டால் மேலே எழுதுவது ஊகம்தான்.

பிழைச் செய்தி ஒரு பக்கம் முழுக்க வருகிறது. எங்கிருந்து வாசிப்பது?

டெர்மினலில் என்றால் கடைசி வரியிலிருந்து. என்ன பிழை என்பது அங்கே இருக்கும். பிறகு மேலே போய், உங்கள் போல்டர் பெயர் வரும் வரியைத் தேடுங்கள். ஜாங்கோவின் உள் கோப்புகளை முதலில் விட்டுவிடலாம்.

படிவத்தை அனுப்பினால் 403 வருகிறது.

403 என்றால் அனுமதி மறுப்பு. அநேகமாக டெம்ப்ளேட்டில் சி.எஸ்.ஆர்.எஃப் டோக்கன் (படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் இரகசியக் குறி) இல்லை. படிவத்துக்குள் அதைச் சேருங்கள். அந்தப் பாதுகாப்பையே நிறுத்திவிடச் சொல்லும் பதில்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கேட்கவேண்டாம். வேறு தளத்திலிருந்து ஒருவர் உங்கள் பயனரின் பெயரில் படிவம் அனுப்புவதைத் தடுப்பது அதுதான்.

ரியாக்ட்டும் (உலாவியில் ஓடும் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுதி) சேர்த்துப் படிக்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். டெம்ப்ளேட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரு வகுப்புப் பதிவேட்டுக்கு வடிவாகப் போதும்.

ஏஐயிடம் கேட்டால் முழு கோட்டையும் எழுதித் தருகிறதே. பிறகு ஏன் படிக்க வேண்டும்?

கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. “இந்தப் பிழை ஏன் வருகிறது, ஆவணத்தில் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும்” என்று கேட்டால் பக்கத்தில் ஒரு அண்ணா இருந்து சொல்லித்தருவது போல. “எழுதித் தா” என்று கேட்டு ஒட்டினால், அது பழைய பதிப்பு முறையில் எழுதியிருக்கிறதா, 403 வராமல் இருக்கப் பாதுகாப்பை நிறுத்தியிருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. படிக்கிற காலத்தில் விளங்காத வரி ஒன்றையும் திட்டத்துக்குள் விடாதீர்கள். ஒட்டாமல், பார்த்துக் கையால் தட்டுங்கள். கை மெதுவாகப் போகும்போது கண் கேள்வி கேட்கும்.

அட்மின் பக்கத்தையே பெற்றோருக்கும் கொடுக்கலாமா?

கூடாது. அட்மின் நம்பிக்கையான உள் ஆட்களுக்கானது. மாமிக்கு அட்மின், பெற்றோருக்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கத்தில் உள்நுழைந்தவர் யார் என்று பார்த்து அவருடைய பிள்ளையின் பதிவை மட்டும் எடுக்க வேண்டும். முகவரியில் இருக்கும் எண்ணை மாற்றினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு தெரிகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். உள்நுழைவு இருக்கிறது என்பதாலேயே இது தானாக அடைபடாது. ஒவ்வொரு வியூவிலும் நீங்கள் எழுத வேண்டும். முதன்முதலாக எழுதும் டெஸ்ட் இதற்காகவே இருக்கட்டும்: ஒரு பெற்றோராக உள்நுழைந்து இன்னொருவருடைய பக்கத்தைத் திறந்தால் 404 வர வேண்டும்.

இணையத்தில் ஏற்ற எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டு சேர்வர்களின் வாடகை டொலரில் வரும், அட்டையும் வேண்டும். படிக்கும்போது அவசரப்பட வேண்டாம். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களில் காட்ட, ஜாங்கோவோடு வரும் பயிற்சிச் சேர்வரான ரன்சேர்வரை 0.0.0.0:8000 என்று ஓடவிட்டு, செட்டிங்ஸில் அனுமதித்த ஹோஸ்ட்களில் உங்கள் லப்டொப்பின் ஐ.பி முகவரியைச் சேர்த்தால் போதும். இது பழகுவதற்கு மட்டும். உண்மையான சேர்வரில் ரன்சேர்வரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆவணமே சொல்கிறது, அங்கே கூனிகார்ன் போன்ற ஒன்று வேண்டும்.

ஏற்றுகிற நாள் வரும்போது செட்டிங்ஸில் டீபக்கை (பிழை விவரங்களைத் திரையில் காட்டும் நிலை) நிறுத்துங்கள். நிறுத்திய உடனே படங்களும் சி.எஸ்.எஸ்ஸும் மறைந்து தளம் நிர்வாணமாக நிற்கும். பயப்படவேண்டாம், அதுவரை ரன்சேர்வர் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்த வேலை அது. இனி அந்தக் கோப்புகளை ஒரே போல்டரில் சேர்க்கும் ‘கலெக்ட் ஸ்டாட்டிக்’ கட்டளையை ஓடவிட்டு, அந்தப் போல்டரை என்ஜின்எக்ஸ் அல்லது வைட்நாய்ஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் உள்ள இரகசியச் சாவியைக் கிட்டில் போடாமல் சூழல் மாறியில் (கோட்டுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) வையுங்கள்.

பிள்ளைகளின் உண்மையான பெயரும் இலக்கமும் உள்ள தரவுத்தளக் கோப்பைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்மை நம்பித் தந்த தகவல். பழகுவதற்குப் பொய்ப் பெயர்களால் ஒரு பட்டியல் செய்துகொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் எப்படி உதவி கேட்பது?

ஜாங்கோ பதிப்பு, பைத்தன் பதிப்பு, பிழைச் செய்தியின் முழு உரை, அந்தப் பிழையைக் கொண்டுவரும் ஆகக் குறைந்த கோட், நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. இவ்வளவையும் எழுதுங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். தமிழில் கேட்க வெட்கப்பட வேண்டாம், தெரிந்தவர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஆனால் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். பிழைச் செய்தியை உரையாக ஒட்டுங்கள், உதவி செய்கிறவர் அதைப் பிரதி எடுத்துத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.